கத்திக்கு முந்தைய நாலு வாரம்

வயிற்றில் ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் பக்கத்து வீடுகளில் நடக்கும் ஏற்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். திருப்பதி ரூயாவா, ஸ்விம்ஸா, சித்தூர் அரசு ஆஸ்பத்திரியா, எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி.யா என்று முதலில் ஒரு பேச்சு. 2007-இல் தொடங்கி, பெயர் மாறினாலும் மக்கள் வாயில் இன்னும் ஆரோக்யஸ்ரீயாகவே இருக்கிற இலவசச் சிகிச்சைத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் வருமா என்பது அடுத்த கேள்வி. ரத்தம் கொடுக்க யார் வருவார்கள், கூட யார் தங்குவது, மாட்டை யார் பார்ப்பது, அமாவாசைக்கு முன்னா பின்னா. இத்தனை பேச்சிலும் நோயாளியின் மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வியாதி வயிற்றில்தானே, நெஞ்சுக்கு இதில் என்ன வேலை என்று இருந்துவிடுகிறோம். ஆனால் பெரிய வயிற்று ஆபரேஷன்களுக்குப் பிறகு நோயாளியைப் படுக்கையிலேயே கிடத்துகிற, ஐ.சி.யூ.வுக்குத் திருப்பி அனுப்புகிற, சில சமயம் உயிரையே எடுக்கிற சங்கடங்களில் நுரையீரல் சங்கடங்கள் முன்வரிசையில் நிற்கின்றன. நிமோனியா, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போவது, ஆக்சிஜன் இறங்குவது, மறுபடி மூச்சுக் குழாய் போட வேண்டி வருவது எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் கணிசமான பங்கை ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே, ஊரில் இருக்கும்போதே கணிக்க முடியும். ஒரு பங்கைக் குறைக்கவும் முடியும். எது கணிக்க உதவுவது, எது குறைக்க உதவுவது என்ற வித்தியாசம் தெரிந்தால் மட்டுமே அது கைகூடும். அந்த வித்தியாசத்தைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில், வயிற்றைத் திறந்தால் நெஞ்சு ஏன் தடுமாறுகிறது? இரண்டுக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் என்ற ஒற்றைத் தசைத் தகடு. அது கீழே இறங்கினால் காற்று உள்ளே போகிறது, மேலே ஏறினால் வெளியே வருகிறது. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே அந்தத் தகடு தளர்ந்து நெஞ்சுக்குள் ஏறிவிடும். மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முதுகுப் பக்கமாக இருக்கும் சிற்றறைகள் காற்றிழந்து ஒட்டிக்கொள்ளும். மயக்கத்தில் இருப்பவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது பத்தில் ஒன்பது பேரிடம் இந்தச் சுருக்கம் தெரிந்தது. இது பெரும்பாலோருக்குத் தானாக விரிந்துவிடும். மேல்வயிற்றில் கத்தி பட்டவர்களுக்குத்தான் அடுத்த தொல்லை: குடலையும் இரைப்பையையும் கையாண்டதன் எதிர்வினையாக உதரவிதானமே சில நாள் மந்தமாகிவிடுகிறது. வலி மருந்தால் வலி அடங்கிய பிறகும் அந்த மந்தம் முழுதாகப் போவதில்லை. நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார். சும்மா இருக்கும்போது நாம் அறியாமலே அவ்வப்போது விடுகிற பெருமூச்சு நின்றுவிடுகிறது. நுரையீரலின் மூலைமுடுக்குகளை விரித்து வைத்திருந்தது அந்தப் பெருமூச்சுதான். ஆழ இழுத்து விடக்கூடிய காற்றின் அளவு முதல் நாளில் பாதிக்கும் கீழே இறங்கி, ஒரு வாரம் போல எடுத்துக்கொண்டு மீள்கிறது. சுருங்கிய அறைகளில் கோழை தேங்கும், இருமி வெளியேற்ற வலிக்கும், தேங்கியதில் கிருமி பெருகும். மூன்றாம் நாள் வருகிற நிமோனியாவுக்கு முதல் நாளிலேயே அடித்தளம் போட்டாகிவிட்டது.

ஆகையால் தழும்பு எந்த இடத்தில் வரப்போகிறது என்பதே முதல் கேள்வி. தொப்புளுக்குக் கீழே, கருப்பை எடுப்பது, குடலிறக்கம், குடல்வால் போன்றவற்றில் ஆபத்து குறைவு. தொப்புளுக்கு மேலே, இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தக்குழாய் என்று உதரவிதானத்தை நெருங்க நெருங்க ஏறும். பித்தப்பையைச் சின்னத் துளைகள் வழியே கேமரா வைத்து எடுத்தால் மேல்வயிறாக இருந்தும் ஆபத்து வெகுவாகத் தணியும். அதையே விலாவுக்குக் கீழே திறந்து எடுத்தால் கணக்கு வேறு. நம்மவர்கள் 'வயித்து ஆபரேஷன்' என்று ஒரே பையில் போட்டுச் சொல்வதில் இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. பக்கத்து வீட்டுக்காரி கருப்பை எடுத்து நாலாம் நாள் வீடு வந்துவிட்டாள் என்பது, இரைப்பையில் ஆபரேஷன் ஆகப்போகிறவருக்கு எந்த ஆறுதலும் தரக்கூடாது.

இதை எண்ணிக்கையில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 59 ஆஸ்பத்திரிகளில் 2,464 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2010-இல் வெளியான ஆய்விலிருந்து பிறந்தது அரிஸ்கேட் என்ற மதிப்பெண் முறை. அந்த ஆய்வில் நூற்றுக்கு 5 பேருக்கு நுரையீரல் சங்கடம் வந்தது. வந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 19.5, வராதவர்களில் 0.5. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டவை ஏழே ஏழு. வயது 51 முதல் 80 வரை என்றால் 3, அதற்கு மேல் 16. விரல் ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் 91 முதல் 95 வரை என்றால் 8, 90-க்கோ கீழேயோ இருந்தால் 24. கடந்த ஒரு மாதத்துக்குள் நெஞ்சுச் சளி, காய்ச்சல் வந்திருந்தால் 17. ஹீமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் 11. மேல்வயிற்றுத் தழும்புக்கு 15, நெஞ்சைத் திறந்தால் 24. ஆபரேஷன் இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்றால் 16, மூன்றைத் தாண்டினால் 23. அவசர ஆபரேஷனுக்கு 8. கூட்டுத்தொகை 26-க்குக் கீழ் என்றால் ஆபத்து நூற்றுக்கு 1.6, 26 முதல் 44 வரை 13.3, 45-உம் அதற்கு மேலும் 42.1. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 62 வயதுப் பெண், பித்தக்குழாய்க் கல், திறந்த முறையில் இரண்டரை மணி நேர ஆபரேஷன், ஆக்சிஜன் 94, ஹீமோகுளோபின் 9.8. கூட்டினால் 53. ஆக்சிஜன் 96-உம் ஹீமோகுளோபின் 11-உம் இருந்திருந்தால் அதே வயது, அதே தழும்பு, அதே நேரத்துக்கு 34. இந்த ஏழில் நாலை, வயது, ஆக்சிஜன், சளி, ஹீமோகுளோபின் ஆகியவற்றை, ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஆக்சிமீட்டர் 2020-க்குப் பிறகு யாருக்கும் புதிதல்ல. மருதாணியும் நகப்பாலிஷும் இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டலோனியாவில் எண்ணியது கரும்புக்காட்டுக்காரருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறகு ஐரோப்பாவின் 63 ஆஸ்பத்திரிகளில் இந்த முறையைச் சோதித்தபோது, குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்துக்காரர்களை அது பிரித்துக் காட்டியது. ஆனால் பிரதேசத்துக்குப் பிரதேசம் துல்லியம் மாறுபட்டது. ஆகவே 13.3 என்ற எண்ணைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. மதிப்பெண்ணைக் குறைத்தால் ஆபத்தும் குறைந்துவிடுமா? குறையும் என்று உறுதி இல்லை. பிரிட்டனில் 46 ஆஸ்பத்திரிகளில் பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் போகும் ரத்தசோகைக்காரர்கள் 487 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு முன்கூட்டியே நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிய ஆய்வு 2020-இல் வந்தது. ஹீமோகுளோபின் ஏறியது, ரத்தம் ஏற்ற வேண்டியதும் இறப்பும் சேர்ந்த கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. அவசர அவசரமாக ரத்தம் ஏற்றி எண்ணை மட்டும் உயர்த்துவதிலும் லாபம் இல்லை. ஏற்றிய ரத்தமே சிலருக்கு நுரையீரலைக் கெடுக்கும். இங்கேதான் முன்பு சொன்ன வித்தியாசம் வருகிறது. சில காரணிகள் வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி: உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும், முள்ளைக் கையால் தள்ளினால் டேங்க் நிறையாது. சில காரணிகள் பிரேக் மாதிரி: மிதித்தால் வண்டி நிற்கும். வயதும் தழும்பின் இடமும் சுத்தமாக முள். ரத்தசோகை பெரும்பாலும் முள்; இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிற நாட்டில், காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரை எடுப்பது எப்படியும் நல்லதுதான் என்றாலும், அதைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புகை, சளி, மூச்சுப் பயிற்சி, வாய்ச் சுத்தம் ஆகியவை பிரேக். செலவே இல்லாத இவற்றைத்தான் யாரும் மிதிப்பதில்லை.

புகை என்றதும் பீடி மட்டும் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் அதோடு நிற்காது. முப்பது நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்த பெண்ணின் நுரையீரல், ஒரு பீடி தொடாமலே பீடிக்காரரின் நுரையீரலைப் போல ஆகியிருக்கலாம். ஆந்திராவில் 1999-இல் தீபம் திட்டமும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலாவும் சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆனால் இன்று அறுபதைத் தாண்டியவர்களின் நெஞ்சில் அதற்கு முந்தைய புகை ஏற்கெனவே படிந்தாகிவிட்டது, வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் வேகவைக்கவும் விறகு இன்னும் எரிகிறது. சித்தூர் வெல்லம் ஊர் ஊராகப் போகிறதென்றால், அதைக் காய்ச்சும் கொப்பரைக்கு முன்னால் சீசன் முழுக்கக் கரும்புச் சக்கையை எரித்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரானைட் குவாரியில் கல் அறுத்தவர்களுக்குப் புகைக்குப் பதில் தூசி. பழைய காசநோய் இன்னொன்று. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-லேயே காசநோய்க்கென்று சானடோரியம் எழுந்த பகுதி இது. அந்த நோய் குணமான பின்னும் நுரையீரலில் வடுவை விட்டுப்போகும். இவை எதற்கும் அரிஸ்கேட்டில் தனி மதிப்பெண் கிடையாது. ஆக்சிஜன் எண் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மிச்சத்தை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'சிகரெட் பிடிப்பீர்களா' என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டால் 'இல்லை' என்ற பதில் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எத்தனை வருடம் எந்த அடுப்பு, எந்த வேலை, எந்த வருடம் டி.பி. மாத்திரை என்று சேர்த்துச் சொல்லுங்கள். டி.பி.யை மறைப்பது சம்பந்தம் பேசும்போது இருக்கும் பழக்கம். ஆபரேஷன் மேசைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். கூடவே, நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படுத்தால் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை நோயாளி சொல்ல முடியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லிவிட்டார்களே, பிறகென்ன? எக்ஸ்ரே படம் பிடிப்பது நுரையீரலின் உருவத்தை. அது எவ்வளவு காற்றை இழுக்கும், எவ்வளவு பலமாக இருமும் என்பதை அது சொல்லாது. அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரி 2006-இல் வெளியிட்ட நெறிமுறையும், ஆபத்தைக் கணிப்பதற்காக எல்லோருக்கும் வழக்கமாக எக்ஸ்ரேயோ ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியோ எடுக்கத் தேவையில்லை என்றது. அதே நெறிமுறை கவனிக்கச் சொன்னவற்றில் ஒன்று, ரத்தத்தில் ஆல்புமின் 3.5-க்குக் கீழ் இருப்பது. அதாவது உடம்பில் சத்து இல்லாதது. ஆஸ்துமாக்காரர்கள் மட்டும் ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்: கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா பெரிய ஆபத்தே இல்லை. இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று பயந்து ஆபரேஷனுக்கு முன் நிறுத்துவதுதான் ஆபத்து. ஆபரேஷன் அன்று காலையிலும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு, மருந்துக் குப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பீடியை நிறுத்துவது பற்றி ஒரு பழைய தவறான எண்ணம் டாக்டர்களிடமே கொஞ்ச காலம் இருந்தது. ஆபரேஷனுக்கு எட்டு வாரத்துக்கு முன் விட்டால் விடு, இல்லையென்றால் அந்தச் சமயத்தில் விடாதே, விட்டதும் கோழை அதிகமாகி நிலைமை மோசமாகும் என்பார்கள். 1989-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதய பைபாஸ் நோயாளிகள் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கடைசி நேரத்தில் விட்ட ஒரு சிறு குழுவின் முடிவை ஊதிப் பெரிதாக்கியதால் பரவிய எண்ணம் அது. 2011-இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, கிட்டத்தில் விட்டவர்களுக்குச் சங்கடம் கூடியதாகத் தெரியவில்லை. நாலு வாரமாவது முன்னால் விட்டவர்களுக்கு நுரையீரல் சங்கடம் குறைந்தது என்று மற்ற தொகுப்புகள் காட்டுகின்றன. இந்த அத்தியாயத்தின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். நாலு வாரம் கிடைக்கவில்லையா, முந்தின நாள் விட்டாலும் ரத்தத்தில் ஏறியிருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் பெரும்பாலும் இறங்கி, ஆக்சிஜனுக்கு இடம் விடும். வீட்டில் உள்ள மற்றவர்களும் அந்த மாதம் பீடியை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும், விறகடுப்பில் வெந்நீர் போடுகிறவர் நோயாளி அல்லாத வேறொருவராக இருக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தை மூன்று நாளில் விடச் சொல்வது எளிது, விடுவது எளிதல்ல. அதற்கு மருந்தும் ஆலோசனையும் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

சளியின் 17 மதிப்பெண்ணைப் பலர் நம்ப மாட்டார்கள். சாதாரணச் சளிக்கு ரத்தசோகையைவிட அதிகமா? அதிகம்தான். சளிக்குப் பிறகு மூச்சுக்குழாயின் உள்தோல் பல வாரம் எரிச்சலோடு இருக்கிறது, கோழையை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கின்றன. கோவிட் இதை உலகுக்கே காட்டியது. 2020-இல் வந்த பன்னாட்டு ஆய்வில், ஆபரேஷனை ஒட்டிக் கோவிட் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு நுரையீரல் சங்கடம் வந்தது; 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். மறுவருடம் 116 நாடுகளில் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய நோயாளிகளைப் பார்த்து, தொற்றுக்குப் பிறகு ஏழு வாரம் பொறுத்தால் ஆபத்து இயல்புக்கு இறங்குகிறது என்று கண்டார்கள். ஆனால் நம் ஆள் என்ன செய்கிறார்? சளி பிடித்ததைச் சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள், அப்ரூவல் மறுபடி வாங்க வேண்டும், விடுப்பு வீணாகும் என்று இருமலை அடக்கிக்கொண்டு படுக்கையில் ஏறுகிறார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேதி ஒருமுறை போனால் திரும்பக் கிடைப்பது லேசான காரியம் இல்லை. என்றாலும் தள்ளலாமா வேண்டாமா என்பது சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. கல்லுக்கும் குடலிறக்கத்துக்கும் காத்திருக்கலாம்; புற்றுநோய்க்கு அதிகம் காத்திருக்க முடியாது; அடைத்துக்கொண்ட குடலுக்கு ஒரு மணி நேரமும் கிடையாது. விஷயம் தெரிந்தால் அவர்கள் எடைபோடுவார்கள். மறைத்தால் எடைபோட எதுவுமே இல்லை.

இனி, ஆதாரம் பலமாக இருந்தும் நம் பக்கத்தில் மிகக் குறைவாகச் செய்யப்படும் விஷயம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பதிவு செய்திருந்த 441 பேரில் ஒரு பாதிக்கு, ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் ஏன் சுருங்கும், கண் விழித்ததும் என்ன மூச்சு எடுக்க வேண்டும், எப்படி இரும வேண்டும். மறுபாதிக்கு ஒரு கையேடு மட்டும். பிறகு இரு தரப்புக்கும் ஒரே கவனிப்பு. 2018-இல் வந்த முடிவு: கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சங்கடம், சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 12. ஒரு ஆய்வை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சொல்லிக்கொடுத்தவரின் அனுபவத்துக்கு ஏற்பப் பலன் மாறியதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் முடிகிற, பக்கவிளைவே இல்லாத காரியத்துக்கு இதைவிட எத்தனை சாட்சி வேண்டும்? ஏன் முன்கூட்டியே என்பதற்கும் காரணம் எளிது. வயிற்றில் தையலும் மண்டையில் மயக்க மிச்சமும் இருக்கிறவருக்கு எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. ஏற்கெனவே உடம்புக்குப் பழகியதைத்தான் அவர் செய்வார்.

பழகுவது இப்படி. கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து உட்கார வேண்டும். மூக்கு வழியாக மெதுவாக, வயிறு முன்னே வரும்படி இழுத்து, நிறைந்த இடத்தில் மூன்று முதல் ஐந்து நொடி நிறுத்தி, வாய் வழியாக விட வேண்டும். பத்து மூச்சு, ஒரு தலையணையைத் தையல் வரப்போகும் இடத்தின் மேல் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று இருமல், மறுபடி பத்து மூச்சு, மூன்று இருமல். தலைசுற்றினால் சற்று நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஆபரேஷனுக்கு முன் காலையும் மாலையும். பின்னால், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும். ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். அதை வாயில் வைத்த உடனே, பார்க்க ஊதுகிற பொருள் மாதிரி இருப்பதால், பலர் ஊதுவார்கள். ஊதினால் பந்து அசையாது, உறிஞ்ச வேண்டும். முதல் பந்து ஏற நொடிக்கு 600 மில்லி வேகம், இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1,200. மூன்றையும் ஒரே இழுப்பில் டப்பென்று தூக்கிக் காட்டுவதில் பெருமை இல்லை. ஒரு பந்தையோ இரண்டையோ மேலே நிறுத்தி வைத்திருப்பதில்தான் நுரையீரல் விரிகிறது. அந்தக் கருவி தனியாக எந்தப் பலனும் தருவதாக 2014-இன் தொகுப்பாய்வு காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கொரு முறை மூச்சிழுக்க நினைவூட்டுகிற மணியாக அதைப் பாருங்கள். கருவி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பாட்டி சொல்வாள். தையல் அதைத் தாங்கும்படிதான் போடப்படுகிறது; தலையணை வலியைக் குறைப்பதற்கு. எழுந்து உட்கார்ந்தால் பச்சைப் புண் பிளக்கும் என்று கூட இருப்பவர்கள் நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறார்கள். அன்பு காரணமாகச் செய்யும் இந்தக் காரியத்தை விடக் கெடுதலானது ஒன்று இல்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை, முதல் நாளே தலைப்பக்கம் உயர்த்த வேண்டும், அடுத்த நாளே கைத்தாங்கலாக நாற்காலிக்கு வந்து, பிறகு வார்டில் நாலடி நடக்க வேண்டும். பத்தியம் இன்னொரு வில்லங்கம். முட்டை சூடு, தயிர் சளி, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் மிச்சம் ரசஞ்சோறுதான்; புண் ஆறவும் மூச்சுத் தசை பலப்படவும் வேண்டிய புரதம் அதில் எங்கே இருக்கிறது? சாப்பிட அனுமதி வந்ததும் முட்டையும் பருப்பும் பாலும் கொடுக்கலாம். வாயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நிமோனியாக் கிருமி பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை, வாயிலிருந்து இறங்குகிறது. பாஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி இருமல், ஆழ்மூச்சு, பல் துலக்கல், எழுந்து நடத்தல், தலை உயர்த்தல் ஆகியவற்றை நர்சுகளின் அன்றாடக் கடமையாக்கியபோது நிமோனியா 2.6 சதவீதத்திலிருந்து 1.6-க்கு இறங்கியதாக 2013-இல் எழுதினார்கள். அந்த நாலு வாரத்தில் ஆடும் பல், சீழ்ப்பல் இருந்தால் காட்டிவிடுங்கள், புகையிலை அடக்குவதை நிறுத்துங்கள், ஆஸ்பத்திரிப் பையில் பிரஷ் இருக்கட்டும்.

அல்சர் ஓட்டை விழுந்து நள்ளிரவில் ஆம்புலன்ஸில் போகிறவருக்கு நாலு வாரத்துக்கு எங்கே போவது? அவருக்கு முன்பாதி கிடையாது என்பது உண்மைதான். பின்பாதி முழுதாக இருக்கிறது. கண் விழித்ததும் உட்கார வைப்பது, மூச்சும் இருமலும், வாய்ச் சுத்தம், நடை, எதற்கும் முன்பதிவு தேவையில்லை. அவரோடு போகிறவர் அன்றிரவே இதைத் தெரிந்து வைத்திருந்தால் சரி. திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை: துளை முறையில் செய்ய முடியுமா? நான் ஆழ மூச்சிழுக்கும் அளவுக்கு வலி அடங்க என்ன ஏற்பாடு, முதுகில் குழாய் வைத்து மரக்கச் செய்வீர்களா? மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய் எனக்கு அவசியமா, எப்போது எடுப்பீர்கள்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும்; அந்தக் குழாயை எல்லோருக்கும் வழக்கமாகப் போட்டு வைப்பதால் நுரையீரல் சங்கடம் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்வதால்தான் சேர்த்தேன்.

வார்டில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில. ஒரு நிமிடத்துக்கு மூச்சு 25-ஐத் தாண்டுவது, இரண்டாம் மூன்றாம் நாள் காய்ச்சல், கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, ஆக்சிஜன் 92-க்குக் கீழ் இறங்குவது, வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது. கடைசியை 'மயக்க மருந்து இன்னும் தெளியலை' என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் போதாததாக இருக்கலாம். உடனே நர்சிடம் சொல்ல வேண்டும், ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் மூச்சுப் பயிற்சி தொடரட்டும். திண்ணையிலிருந்து தெருமுனை வரை நடையும் கூடட்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, உட்கார்ந்த இடத்தில் திடுமென மூச்சு அடைத்தாலோ, நெஞ்சில் குத்தினாலோ அது காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியதாக இருக்கலாம். நாட்டு மருந்து, ஆர்.எம்.பி. ஊசி என்று நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த ஆபரேஷன், ஆகி எத்தனை நாள் என்பதை எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டாமல், அந்த இரண்டு வாரமும் நோயாளியின் தலையணைக்குக் கீழேயே வைத்திருங்கள்.